மட்டமும் வாயிலும்: ஃப்ரீமேசன் சங்கத்தின் குறியீடுகளும் உறுப்புரிமை மரபும் – இலக்கியவழி ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஃப்ரீமேசன் சங்கம் தன் குறியீடுகளையும் சேர்க்கை விதிகளையும் பிரித்தானியக் கல்தச்சர்களின் தொழில் மரபிலிருந்து பெற்றது. தொழிற்குழு ஒழுக்கச் சங்கமாக உருமாறியபோது கருவிகளின் பொருள் மனிதகுலம் முழுமைக்கும் உரியதாக விரிந்தது. சேர்க்கை விதிகளோ தொழில்சார்ந்த காரணத்தை இழந்து, பிறப்பையும் பாலினத்தையும் கொண்டு மனிதரை விலக்கும் விதிகளாக இறுகின. இம்முரணை அச்சங்கத்தின் உறுப்பினர்களே தம் படைப்புகளில் பதிவுசெய்துள்ளனர் என்பதை லெஸ்ஸிங்கின் உரையாடல்கள், மோட்சார்ட்–ஷிகானெடரின் 'மாயக் குழல்', கிப்லிங்கின் கவிதை, கதை ஆகியவற்றின்வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஃப்ரீமேசன், குறியீடு, சடங்கு, உறுப்புரிமை, சமத்துவம், லெஸ்ஸிங், மாயக் குழல், கிப்லிங்.

முன்னுரை

ஃப்ரீமேசன் சங்கத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்கின்றன. ஒரு சாரார் அதனை உலகை மறைவாக ஆட்டிப்படைக்கும் சதிக்குழுவாகக் காண்கின்றனர். மறுசாரார் அதனைச் சாதி, மதம், நாடு கடந்த உடன்பிறப்புரிமையின் முன்மாதிரியாகப் போற்றுகின்றனர். முதல் தரப்பு சங்கத்தின் மறைபொருளை மிகைப்படுத்துகிறது. இரண்டாம் தரப்பு அதன் அறிவிப்புகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. உண்மையில் சங்கத்தின் சடங்குகளில் பெரும்பகுதி 1730இலேயே அச்சேறிவிட்டது. அவ்வாண்டில் லண்டனில் சாமுவேல் பிரிச்சர்டு வெளியிட்ட சிறுநூல் மூன்று படிநிலைகளின் வினாவிடைகளையும் வெளிப்படுத்தியது. ஆதலின் ஆய்வுக்குரிய வினா 'அங்கே என்ன மறைத்து வைக்கப்பட்டுள்ளது' என்பதன்று. 'வெளிப்படையாகத் தெரியும் குறியீட்டிற்கும் வெளிப்படையாகத் தெரியும் விதிக்கும் இடையே என்ன உறவு' என்பதேயாகும்.

'லாட்ஜ்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழில் தங்கும் விடுதியைக் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டதால், சங்கத்தின் கிளைக் கூட்டம் இங்கு 'அவை' எனவும் அவற்றின் தலைமையமைப்பு 'பேரவை' எனவும் சுட்டப்படுகின்றன.

கொட்டகையிலிருந்து அவைக்கு

'லாட்ஜ்' என்பது தொடக்கத்தில் பேராலயங்களும் கோட்டைகளும் எழுந்த இடத்தை ஒட்டி அமைக்கப்பட்ட பணிக்கொட்டகை. கல்தச்சர்கள் அங்கே கல் செதுக்கினர், உண்டனர், ஓய்வெடுத்தனர். அவர்களுடைய ஒழுங்குமுறைகளைக் கூறும் பழைய ஆவணங்களுள் ஏறத்தாழ 1400ஆம் ஆண்டையொட்டிய 'ரீஜியஸ் கையெழுத்துப்படி' செய்யுள் வடிவில் அமைந்தது. ஸ்காட்லாந்தில் அரசரின் கட்டடப் பணித்தலைவராயிருந்த வில்லியம் ஷா 1598, 1599 ஆகிய ஆண்டுகளில் இயற்றிய சட்டங்கள் அவைகளுக்கு நிலையான அமைப்பைத் தந்தன. இரண்டாம் சட்டம் உறுப்பினர்களின் நினைவாற்றல் கலையையும் சோதிக்கக் கூறுகிறது. தொழிற்குழு சடங்குக் குழுவாக மாறும் போக்கின் தொடக்கத்தை இதில் காணும் டேவிட் ஸ்டீவன்சன், சங்கத்தின் தோற்றத்தை லண்டனில் அன்றி ஸ்காட்லாந்தில் தேடவேண்டும் என 1988இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். 17ஆம் நூற்றாண்டில் கல்லுளி பிடித்தறியாத கனவான்கள் அவைகளில் சேர்ந்தனர். 1641இல் ராபர்ட் மோரேயும் 1646இல் எலியாஸ் ஆஷ்மோலும் சேர்க்கப்பட்டமை பதிவாகியுள்ளது.

1717 ஜூன் 24 அன்று லண்டன் மதுக்கடை ஒன்றில் நான்கு அவைகள் கூடிப் பேரவையை நிறுவின என்பது சங்கத்தின் தோற்ற வரலாறாக வழங்குகிறது. எனினும் இச்செய்தி ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சங்க அமைப்புநூலின் 1738ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலாக இடம்பெறுகிறது. 1723ஆம் ஆண்டு முதற்பதிப்பில் இது இல்லை. பிற்கால ஆய்வாளர் சிலர் இந்நிகழ்வை 1721ஆம் ஆண்டுக்குரியதாகக் கருதுகின்றனர். தன் தொன்மையைத் தானே புனைந்துகொள்ளும் இயல்பு இச்சங்கத்தில் தொடக்கமுதலே உண்டு. ஆண்டர்சனின் வரலாற்றுப் பகுதி ஆதாமிலிருந்தே தொடங்குகிறது.

கருவியும் உள்ளுறையும்

அவையின் குறியீடுகள் எளிய தொழிற்கருவிகள். மூலைமட்டம் நடத்தை நேர்மையைக் குறிக்கிறது. கவராயம் தன்னடக்கத்தின் எல்லையை வரைகிறது. தூக்குக்குண்டு நிமிர்ந்த வாழ்வையும், மட்டம் மனிதரெல்லாம் ஒரே தளத்தில் நிற்பதையும் சுட்டுகின்றன. இங்கிலாந்து மரபில் அவைத்தலைவர் மூலைமட்டத்தையும் இரு துணைத் தலைவர்களுள் மூத்தவர் மட்டத்தையும் இளையவர் தூக்குக்குண்டையும் பதவிச்சின்னமாக அணிவர். செதுக்காத கல் பயிலாத மனிதன். செதுக்கிய கல் பண்பட்ட மனிதன். ஆட்டுக்குட்டித் தோலாலான வெண்ணிற ஏப்ரன், உழைப்பாளியின் உடைக்காப்பாக இருந்து மாசின்மையின் அடையாளமாயிற்று. புறத்தே ஒன்றைக் கூறி அகத்தே பிறிதொன்றைக் கொள்ளச்செய்யும் உள்ளுறைத் தன்மை இக்குறியீடுகளின் அடிப்படை எனலாம்.

பயிலுநர், துணைவினைஞர், தலைவினைஞர் என்னும் மூன்று படிநிலைகளுள் முதலாவதன் சேர்க்கைச் சடங்கு தனிக்கவனத்திற்குரியது. சேர வருபவரின் கண்கள் கட்டப்படுகின்றன. கழுத்தில் கயிறு சுற்றப்படுகிறது. காசு உள்ளிட்ட உலோகப் பொருள்கள் யாவும் களையப்படுகின்றன. பின்னர் அறக்கொடை வேண்டப்படும்போது அவரிடம் கொடுப்பதற்கு ஏதுமில்லை. அந்த வெறுங்கை நிலையை, வறியவரைக் காணுந்தோறும் நினைவிற்கொள்ள வேண்டுமென அறிவுறுத்தப்படுகிறது. செல்வரும் பிரபுவும் சில நிமிடங்களேனும் ஏதிலியாகி நிற்கும் இந்நாடகம் சங்கத்தின் மிக ஆழமான கற்பனை. மூன்றாம் படிநிலையில் சாலமோன் ஆலயத்தின் தலைமைச் சிற்பி ஹிராமின் கொலை நடித்துக்காட்டப்படுகிறது. விவிலியம் தீரு நகரத்து ஹிராமை ஒரு கைம்பெண்ணின் மகன் என்று கூறுகிறது. அவர் கொல்லப்பட்டதாகக் கூறவில்லை. தொழில் மறையைக் காட்டிக்கொடாமல் உயிர்விட்ட உழைப்பாளியைத் தன் தொன்மத் தலைவனாக ஒரு கனவான்கள் சங்கம் படைத்துக்கொண்டது என்பது நோக்கத்தக்கது.

விதி இறுகிய முறை

குறியீடு விரிந்த அதே காலத்தில் விதி எதிர்த்திசையில் நகர்ந்தது. 1723ஆம் ஆண்டு நூலின் முதல் கட்டளை, எல்லா மனிதரும் உடன்படும் சமயமே போதுமானது என்றும், தனிக்கொள்கைகள் அவரவர்க்கே உரியன என்றும் கூறுகிறது. சமயப் பூசலால் சிதைந்திருந்த ஐரோப்பாவில் இது துணிவான நிலைப்பாடு. மூன்றாம் கட்டளையோ, பிறப்பால் அடிமையல்லாத ஆடவரையன்றி அடிமைகளையும் பெண்களையும் ஒழுக்கமற்றோரையும் சேர்க்கலாகாது என்கிறது. ஒரே நூலின் சில பக்க இடைவெளியில் கதவு திறக்கவும் மூடவும் செய்கிறது.

இவ்விலக்குகளின் வேரை ரீஜியஸ் கையெழுத்துப்படி காட்டுகிறது. அடிமையைப் பயிலுநராகக் கொள்ளலாகாது என்னும் விதிக்கு அது தரும் காரணம் நடைமுறை சார்ந்தது: அவனுடைய ஆண்டான் கொட்டகைக்கே வந்து அவனை இழுத்துச் செல்லக்கூடும், அதனால் பணி கெடும், பூசல் விளையும். உடல் ஊனமற்றவனாக இருக்கவேண்டும் என்பதும் பாரக்கல் தூக்கும் தொழிலுக்குரிய தேவையே. தொழில் நீங்கிய அவையில் இக்காரணங்கள் எவையும் எஞ்சவில்லை. காரணம் உதிர்ந்தும் விதி உதிரவில்லை. அது பிறப்பின் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக மாறியது. கருவிகளுக்கு உள்ளுறைப் பொருள் கண்ட சங்கம், விதிகளுக்கு மட்டும் நேர்ப்பொருளையே பற்றிக்கொண்டது. வாளேந்திய காவலர் வாயிலுக்கு வெளியே நிற்பதும், வெண்பந்து கரும்பந்து இட்டு மறைவாக்கெடுப்பின்வழிப் புதியவரை ஏற்பதும் மறுப்பதும் இவ்விறுக்கத்தின் சடங்கு வடிவங்கள்.

லெஸ்ஸிங்: தொழிலாளியின் விண்ணப்பம்

ஜெர்மானிய நாடகாசிரியர் லெஸ்ஸிங் 1771இல் ஹாம்பர்க்கில் சங்கத்தில் சேர்ந்தார். 'எர்ன்ஸ்ட்டும் ஃபால்க்கும்' என்னும் ஐந்து உரையாடல்களுள் முதல் மூன்று 1778இலும் எஞ்சியவை 1780இலும் வெளிவந்தன. உறுப்பினராகிய ஃபால்க் தம் நண்பர் எர்ன்ஸ்ட்டுக்குக் கூறும் கருத்து கூர்மையானது. அரசு மனிதரை ஒன்றுசேர்க்க முனையும்போதே அவர்களை நாடு, சமயம், படிநிலை என மூவகையாகப் பிரிக்கவும் நேர்கிறது. இப்பிரிவுகளின் தீமையைத் தணிப்பதே உண்மையான ஃப்ரீமேசனின் பணி.

மூன்றாம் உரையாடலுக்கும் நான்காவதற்கும் இடையில் எர்ன்ஸ்ட் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறார். திரும்பி வருபவர் ஏமாற்றத்தோடு வருகிறார். தெளிந்த அறிவுடைய யூதர் ஒருவர் வந்தால் அவர் கிறித்தவராக இருக்கவேண்டுமென்கின்றனர். நல்ல சிந்தனையுடைய செருப்புத் தைக்கும் தொழிலாளி வந்தால் அவர் தொழிலைக் கூறியே தள்ளிவிடுகின்றனர். நம்பிக்கைக்குரிய வேலையாள் வந்தாலும் அதே நிலைதான். ஃபால்க் குறிப்பிட்ட மூன்று பிரிவுகளுள் இரண்டு அவைக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றன என்பதே எர்ன்ஸ்ட்டின் குற்றச்சாட்டு. கைவினைஞரின் கருவிகளைக் குறியீடாக்கிய அவை, கைவினைஞரை வாயிலில் நிறுத்துகிறது என்னும் நகைமுரண் இங்கு முழு வடிவம் பெறுகிறது. லெஸ்ஸிங் சங்கத்தை விட்டு வெளியேறி நின்று இதனைச் சாடவில்லை. ஃப்ரீமேசனின் கருத்து வேறு, ஃப்ரீமேசன் அவை வேறு என ஃபால்க்கின் வாயிலாகப் பிரித்துக்காட்டுகிறார். உரையாடல் வடிவமே இதற்கு இடந்தருகிறது. குற்றச்சாட்டும் விளக்கமும் சமவலிமையோடு நிற்க, தீர்ப்பு வாசகரிடம் விடப்படுகிறது.

'மாயக் குழல்': திறந்த கதவும் மூடிய கதவும்

மோட்சார்ட் 1784 டிசம்பரில் வியன்னா அவையொன்றில் சேர்ந்தார். ஷிகானெடரின் எழுத்துரைக்கு அவர் இசையமைத்த 'மாயக் குழல்' 1791 செப்டம்பர் 30 அன்று அரங்கேறியது. இளவரசன் தமினோ ஞானி சராஸ்ட்ரோவின் திருக்கூட்டத்தில் சேரத் தேர்வுகளை மேற்கொள்வதே இதன் கதை. மௌனம், இருள், நெருப்பு, நீர் எனத் தொடரும் சோதனைகளும், மீண்டும் மீண்டும் ஒலிக்கும் மூன்று முழக்கங்களும் சேர்க்கைச் சடங்கை நினைவூட்டுவன. தமினோ இளவரசன் என்று ஒருவர் தயங்கும்போது, அதற்கும் மேலாக அவன் மனிதன் என்கிறார் சராஸ்ட்ரோ. மட்டத்தின் குறியீட்டுப் பொருளை இதனினும் சுருக்கமாகக் கூறவியலாது.

ஆயின் இதே படைப்பில் பெண்களின் பேச்சை நம்பலாகாது எனத் திருக்கூட்டத்தார் எச்சரிக்கின்றனர். சராஸ்ட்ரோவிடம் அடிமைகள் உள்ளனர். அவரது பணியாளனாகிய கறுப்பினத்தவன் மொனோஸ்டாடோஸுக்கு உள்ளங்காலில் 77 அடிகள் தண்டனையாக விதிக்கப்படுகின்றன. அதே சராஸ்ட்ரோ அடுத்த அங்கத்தில், தம் திருக்கூடத்தில் பழிவாங்கலுக்கு இடமில்லை என்னும் பொருள்படப் பாடுகிறார். பறவை பிடித்துப் பிழைக்கும் பப்பகேனோ மௌனச் சோதனையில் தோற்கிறான். அவனுக்கு மனைவி கிடைக்கிறாள், ஞானம் கிடைப்பதில்லை.

இவ்வமைப்பை உடைப்பவள் பமினா. நெருப்பையும் நீரையும் கடக்கும் இறுதிச் சோதனையில் அவளே தமினோவை வழிநடத்துகிறாள். இருளுக்கும் சாவுக்கும் அஞ்சாத பெண் தகுதியுடையவள் என்று வாயிற்காவலர்களே அறிவிக்கின்றனர். ஆண்டர்சனின் மூன்றாம் கட்டளையை மேடை மீறுகிறது. அம்மீறல் மொனோஸ்டாடோஸுக்கு நீட்டிக்கப்படவில்லை என்பதே இப்படைப்பின் எல்லை. தன்னை எவரும் விரும்பாமைக்குத் தன் நிறமே காரணம் என அவன் பாடும் பாடலை மோட்சார்ட் மெல்லிய குரலில், தொலைவிலிருந்து கேட்பதுபோல் இசைக்கச் செய்தார். வாயிலுக்கு வெளியே நிற்பவனின் குரல் அவ்வாறுதான் உள்ளே கேட்கும்.

கிப்லிங்: சுருட்டும் கான்சாமாவும்

கிப்லிங் 1886 ஏப்ரலில், 21 வயது நிரம்பும் முன்பே, சிறப்பிசைவு பெற்று லாகூர் அவையில் சேர்ந்தார். 1894ஆம் ஆண்டைச் சேர்ந்த 'தாய் அவை' என்னும் கவிதையில் முன்னாள் படைவீரன் ஒருவன் தன் பழைய அவையை நினைவுகூர்கிறான். கணக்கர் போலாநாத், ஏடன் யூதர் சால், வரைவாளர் தீன் முகமது, சீக்கியர் அமீர் சிங், கத்தோலிக்கர் காஸ்ட்ரோ ஆகியோர் அங்கே உறுப்பினர்கள். வெளியே பதவிக்குரிய விளிகளும் வணக்கங்களும் வழங்க, உள்ளே அனைவரும் உடன்பிறந்தார். சாதிக்கட்டு குலையக்கூடும் என்பதால் விருந்து வைப்பதில்லை. கூட்டம் முடிந்தபின் புகைபிடித்தவாறு அவரவர் அறிந்த கடவுளைப் பற்றிப் பேசுகின்றனர். உடன்புகைப்போர் உடனுண்பதில்லை. இந்தியச் சமூகத்தின் உண்கலத் தடையை அவையால் கடக்க இயலவில்லை என்பதை மறைக்காமல் கூறுவது கவிதையின் நேர்மை.

இதனைப் பேரரசின் தன்னிறைவுக் கற்பனை என விமர்சிப்போர் உளர். ஃப்ரீமேசன் வலைப்பின்னல் பிரித்தானியப் பேரரசைக் கட்டிய கருவிகளுள் ஒன்று என்பதை ஜெசிக்கா ஹார்லண்ட்-ஜேக்கப்ஸ் 2007இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். இவ்விமர்சனம் ஏற்கத்தக்கதே. ஆயினும் கவிதையின் இறுதியில் வரும் ஒரு காட்சி மேலும் ஆழ்ந்த வாசிப்பை வேண்டுகிறது. படைவீரன் மீண்டும் காண விரும்பும் அந்த இரவில் திருச்சிச் சுருட்டின் மணம் கமழ்கிறது. முதிய கான்சாமா மதுப்புட்டி அறையின் தரையில் குறட்டைவிட்டு உறங்குகிறான். அதனையடுத்து, நற்பெயருடைய அவைத்தலைவரைப்போல என்னும் உவமை வருகிறது. இவ்வுவமை ஏங்கும் படைவீரனைச் சாருமா, உறங்கும் பணியாளனைச் சாருமா எனத் துணிய இயலாதவாறு தொடர் அமைந்துள்ளது. இரண்டாம் பொருள் கொண்டால், உடன்பிறந்தார் கூடிய இடத்தில் பெயர்கூடக் குறிக்கப்படாத பணியாளன் உவமையால் மட்டுமே தலைவனாகிறான். லெஸ்ஸிங் குறிப்பிட்ட வேலையாளே நூறாண்டுக்குப் பின்னும் இங்கே தரையில் கிடக்கிறான்.

1888இல் வெளிவந்த 'அரசனாக விரும்பிய மனிதன்' கதையில் இம்முரண் கொடூரமாகிறது. காஃபிரிஸ்தானில் நுழையும் இரு ஆங்கிலேயருள் ஒருவனான டிராவட், அங்குள்ளோர் இரண்டாம் படிநிலை வரையிலான குறிப்புகளை அறிந்திருப்பதைக் கண்டு, தான் அறிந்த மூன்றாம் படிநிலையை ஆட்சிக்கருவியாக்குகிறான். அவை நடத்தும் உரிமம் தமக்கில்லை எனத் தோழன் எச்சரித்தும் கேளாமல் தன்னைப் பெருந்தலைவனாக அறிவித்துக்கொள்கிறான். உடன்பிறப்பின் அடையாளம் அடிமைப்படுத்தும் உத்தியாகிறது. அதனை மணப்பெண் ஒருத்தியின் பற்கள் முடித்துவைக்கின்றன. அவள் கடித்த இடத்தில் குருதி கண்டதும் அவன் தெய்வமல்லன், மனிதன் என மக்கள் உணர்கின்றனர்.

வெளியே நின்றோரின் வாசிப்பு

இலக்கியம் கண்ட இம்முரணை வரலாற்றில் விலக்கப்பட்டோர் உரிமைவாதமாக மாற்றினர். போஸ்டனில் கறுப்பினத்தவரான பிரின்ஸ் ஹாலும் அவருடைய தோழர்களும் 1775இல் பிரித்தானியப் படைப்பிரிவைச் சார்ந்த அவையொன்றில் சேர்க்கப்பட்டனர். தனி அவைக்கான உரிமத்தை 1784இல் லண்டன் பேரவையிடமிருந்து பெற்றனர். அமெரிக்க வெள்ளையர் பேரவைகளுள் கனெக்டிகட் பேரவை 1989இல்தான் அம்மரபை ஏற்றது. இங்கிலாந்துப் பேரவை 1847இல், பேரரசில் அடிமைமுறை ஒழிந்தபின், பிறப்பால் அடிமையல்லாதவர் என்பதை 'சுதந்திர மனிதர்' என மாற்றியது. பிரான்சில் மரியா தெரேம் 1882இல் சேர்க்கப்பட்டு, 1893இல் இருபாலர் சங்கம் உருவாக வழிவகுத்தார். அதில் 1902இல் சேர்ந்த அன்னி பெசண்ட், பின்னர் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் தலைவரானார். கல்கத்தா வணிகர் பிரசன்ன குமார் தத்தரின் விண்ணப்பம் 1863இல் தொடங்கி ஒன்பதாண்டுகள் இழுபட்டு 1872இல் ஏற்கப்பட்டது. இந்துவின் சமயம் உறுதிமொழிக்குப் போதுமானதா என்பது அவ்விவாதத்தின் மையம். ஆண்டர்சனின் முதல் கட்டளை அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே விடையளித்திருந்தது.

வாயிலைக் கடந்தவருக்கும் மட்டம் காவலாகவில்லை என்பதற்குத் தமிழ் நிலமே சான்று. ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். இங்கிலாந்துப் பேரவை அவருக்கு ஏப்ரனும் அமைப்புநூலும் அனுப்பிச் சிறப்பித்தது. நவாபாகிய அவர் 1801 ஜூலையில் இறந்தார். அம்மாதம் முடிவதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனி புதிய உடன்படிக்கையின்வழிக் கர்நாடகத்தின் ஆட்சியைத் தன்வசமாக்கியது. அவைக்குள் உடன்பிறந்தார் என ஏற்கப்பட்டமை அவைக்கு வெளியே அவருடைய வழியினரின் அரசுரிமையைக் காக்கவில்லை.

முடிவுரை

ஃப்ரீமேசன் சங்கத்தின் சமத்துவத்தை வெறும் பாசாங்கு எனத் தள்ளுவதும் முழு உண்மை எனக் கொள்ளுவதும் பொருந்தா. தொழிற்குழுவிலிருந்து குறியீடும் விதியும் ஒருங்கே புறப்பட்டு, ஒன்று விரியவும் மற்றொன்று இறுகவும் நேர்ந்த வரலாற்றின் விளைவே அதன் முரண். லெஸ்ஸிங் அதனை வாதமாகவும், மோட்சார்ட்டும் ஷிகானெடரும் நாடகமாகவும், கிப்லிங் ஏக்கமாகவும் எள்ளலாகவும் வெளிப்படுத்தினர். மூவரிடத்தும் பணியாளரே இக்குறியீட்டின் உரைகல்லாக அமைகின்றனர் என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவு. குறியீடுகள் கொத்தரும் தச்சரும் நாள்தோறும் கையாளும் கருவிகளாக இருந்தமையால் அவற்றின் பொருளை எந்த வாயிற்காவலராலும் உள்ளே பூட்டிவைக்க இயலவில்லை. வெளியே நின்றோர் மட்டத்தை அச்சங்கத்தின்மீதே வைத்து அளந்தனர். அது சாய்ந்திருப்பதைச் சுட்டினர். சங்கத்தின் விதிகள் மாறிய இடங்களிலெல்லாம் அவ்வளவையின் பங்கு உண்டு. சமத்துவம் பேசும் எந்த அமைப்பையும், அதன் அவைக்குள் வழங்கும் விளிச்சொல்லைக் கொண்டன்றி, அதன் வாயிலில் காத்திருப்போர் யாவர், தரையில் உறங்குவோர் யாவர் என்பதைக் கொண்டே மதிப்பிடவேண்டும் என்பதற்கு இப்படைப்புகள் சான்றாகின்றன.